ஜூரோங் திமிங்கலம் எங்கே வாழ்ந்தது?

இந்தத் திமிங்கலம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம் தேவை. 2015 ஜூலையில் சிங்கப்பூரின் ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்த ஸ்பெர்ம் திமிங்கலத்தை 'நம் கடலில் வாழ்ந்தது' என எழுதியிருக்கிறீர்கள். மிதந்தது இங்கே, வாழ்ந்தது இங்கே அல்ல. நம்மைச் சுற்றியுள்ள கடல், சுண்டா திட்டு எனும் ஆழம் குறைந்த கடலடி மேடைமீது இருக்கிறது; அதில் பெரும்பகுதி 100 மீட்டர் ஆழம்கூட இல்லை. இந்த இனமோ சாதாரணமாக 400 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கி, முக்கால் மணி நேரம் மூச்சடக்கிக் கணவாய் தேடுவது. அந்த ஆழத்தில் வெளிச்சமே கிடையாது. 'டிக் டிக்' என ஒலியெழுப்பி, எதிரொலியை வைத்துத்தான் இரை பிடிக்கும்.

கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது இதற்குப் பொருட்டே இல்லை, காலடியில் ஆழம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திருகோணமலையில் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் அங்கே கரைக்குப் பக்கத்திலேயே தென்படுகின்றன. பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடல்களை விட்டு அதிகம் விலகுவதில்லை. வளர்ந்த ஆண்கள் மட்டும் துருவப் பனி விளிம்புவரை போகும்.

நம் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் தொங்கும் 10.6 மீட்டர் எலும்புக்கூடு அந்தப் பெண் திமிங்கலத்துடையதுதான். பார்க்கப் போகிறவர்கள் கீழ்த்தாடைப் பற்களோடு நின்றுவிடாதீர்கள். அதன் குடலில் கிடைத்த கணவாய் அலகுகளையும் பாருங்கள். கறுப்பாக, கிளி மூக்குபோல வளைந்திருக்கும், செரிக்காது. அது எந்தக் கணவாய்களைத் தின்றது என்பதற்கு அவையே சாட்சி. கூடவே பிளாஸ்டிக் குவளையும் உணவு உறைகளும் கிடைத்தன. தயவுசெய்து அதையும் கட்டுரையில் சேருங்கள்.