ஜானு பதில் கேட்க வந்தவள்

நம் குழு ஞாயிற்றுக்கிழமை நடத்திய '96' படத் திரையிடலில் நடந்ததைப் பற்றி இதற்குள் பலரும் எழுதிவிட்டீர்கள். யார் பேசினார், யார் கைதட்டினார் என்று நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. உள்பெட்டியில் பெயர் கேட்பவர்களும் தயவுசெய்து கேட்காதீர்கள். பேசியவர் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. '96' படம் முடிந்து விளக்கு எரிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்து, "அந்தம்மா புருஷனிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாராம்?" என்று கேட்பது நம் ஊரில் அதிசயமா என்ன? சபை சிரித்ததே, அதுதான் இத்தனை நாளாக உறுத்துகிறது. அந்தச் சிரிப்பில் எனக்குப் பல வருடங்களாகத் தெரிந்தவர்களின் குரலும் இருந்தது.

படத்தின் நாயகி ஜானு காதலிக்க வரவில்லை. பதில் கேட்க வந்தாள். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள இலக்கிய ரசனையெல்லாம் வேண்டாம், படத்தைத் தூங்காமல் பார்த்தால் போதும்.

தஞ்சாவூரில் பத்தாம் வகுப்புவரை கூடவே படித்த ராம், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது இல்லை. அப்பாவுக்குக் கடன், குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் வருவான் வருவான் என்று அந்தப் பெண் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் கல்லூரி, கல்யாணம், சிங்கப்பூர், குழந்தை. 22 ஆண்டுகள் கழித்துப் பழைய மாணவர்கள் சென்னையில் கூடுகிறார்கள் என்றதும் வருகிறாள். மறுநாள் விடிந்தால் விமானம். ஏன் சொல்லாமல் போனாய், போனவன் ஏன் தேடி வரவில்லை? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

கிடைத்த பதில் என்ன? "வந்தேன்" என்கிறான். அவள் கல்லூரி வாசலுக்கே வந்து, ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். செய்தி கைமாறிப் போகிறது. வந்திருப்பது வேறு எவனோ என்று நினைத்து, பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அவன் அதைத் தனக்கான பதில் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறான். வில்லன் இல்லை, சாதி இல்லை, அரிவாள் தூக்கும் அண்ணன் இல்லை. நடுவில் ஓர் ஆள் சொன்ன சொல் சரியாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். யாரையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளக்கூட அவளுக்கு வழியில்லாமல் செய்துவிட்டார் இயக்குநர் பிரேம்குமார். அதற்கு மேல் இன்னொன்று: அவள் கல்யாணத்துக்கும் அவன் வந்திருக்கிறான். கடைசி நொடிவரை அவன் வந்துவிட மாட்டானா என்று மணமேடையில் அவள் தேடிக்கொண்டிருந்தபோது, அதே மண்டபத்தில் ஓர் ஓரமாக நின்றிருக்கிறான். இதைக் கேட்கும் பெண்ணின் முகத்தைத் த்ரிஷா எப்படிக் காட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நீங்கள் புருஷனைப் பற்றிக் கேட்டீர்களா?

"கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றார் இன்னொருவர். நல்லவர்தான், படத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னார். தொடக்கூட இல்லை, எவ்வளவு தூய்மையான காதல் என்று அவருக்குப் பூரிப்பு. மன்னிக்க வேண்டும், ஒழுக்கம் கெட்ட படம் என்று சொன்னவரும் தூய்மையான படம் என்று சொன்னவரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே கட்டிலைத்தான். ஒருவருக்கு அதில் அழுக்கு தெரிந்தது, மற்றவருக்கு வெள்ளை விரிப்பு தெரிந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை மொத்தமும் எங்கே பிசகியது என்று ஓர் இரவில் தெரிந்துவிட்டது. இது நடந்ததில் சேராதா?

புகைப்படக் கலை கற்றுக்கொடுக்கும் ராம் தன் மாணவிகளோடும் ஜானுவோடும் உட்கார்ந்திருக்கும் காட்சியை எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரியவில்லை. அவளை அவன் மனைவி என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அவளும் மறுக்கவில்லை. எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவள் கதை சொல்கிறாள். அந்தக் கதையில் செய்தி சரியாகப் போய்ச் சேருகிறது, கல்லூரியிலிருந்து அவள் வெளியே வருகிறாள், அவனைப் பார்த்துவிடுகிறாள். நடக்க வேண்டியது எல்லாம் நடக்கிறது. கேட்பவர்களுக்கு அது ஒரு சந்தோஷமான காதல் கதை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் அது பொய் என்று தெரியும். தமிழ் சினிமாவில் ஒரு பெண் கதாபாத்திரம் தனக்குத் தானே முடிவு எழுதிக்கொள்ளும் இடம் இது. வாய்விட்டு அழும் காட்சிகளைவிட எனக்கு இங்கேதான் தொண்டை அடைத்தது. ஞாயிறன்று இந்தக் காட்சி ஓடும்போது பின்வரிசையில் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி, அதை விடுங்கள்.

'யமுனை ஆற்றிலே' காட்சிக்கும் சிரித்தார்கள். பள்ளியில் அவன் கேட்டுக் கேட்டு அவள் பாடாமலே இருந்த பாட்டு அது. 1991இல் வந்த 'தளபதி'யின் பாட்டு, அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது அப்போது புதுப் பாட்டு. அத்தனை வருடம் கழித்து, கரண்ட் போன வீட்டில், இருட்டில் அவள் பாட ஆரம்பிக்கிறாள், அவன் வெளிச்சம் தேடித் தடுமாறி ஓடிவருகிறான். விஜய் சேதுபதி ஓடுவது வேடிக்கையாகத்தான் இருக்கும், நானும் புன்னகைத்திருக்கிறேன். ஆனால் ஞாயிறு கேட்டது வேறு சிரிப்பு. இருட்டு, ஆண், பெண் என்று மூன்றையும் கூட்டிப் பார்த்து வருகிற சிரிப்பு.

இப்போது சிலர் வருவார்கள். "நாங்கள் கலாசாரத்தைப் பற்றிக் கேட்டால் கோபப்படுகிறீர்களே" என்பார்கள். கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். 2002இல் 'அழகி' வந்தது. மனைவி, குழந்தைகளோடு வாழும் மனிதன் தன் பள்ளிக்கூடத்துக் காதலியைச் சந்திக்கிறான், அவளை வீட்டுக்கே அழைத்து வருகிறான். தியேட்டரில் ஆண்கள் கர்ச்சீப் நனைய அழுதார்கள். 2004இல் 'ஆட்டோகிராப்'. கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பழைய காதலிகளின் ஊர் ஊராகப் போகிறான் ஒருவன். நம் எல்லோருக்குள்ளும் இருக்கும் ஞாபகம் என்று கொண்டாடினோம், நானும்தான் கொண்டாடினேன். இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள். "மனைவியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தானாம்" என்று எந்தச் சபையில் யார் மைக் பிடித்துக் கேட்டார்கள்? ஆணுக்கு இருந்தால் அது நினைவு. பெண்ணுக்கு இருந்தால் விசாரணை. 2018இல் முதல்முறையாக அவள் விமானம் ஏறி வந்து கேட்டுவிட்டாள், அதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை.

எங்கள் பள்ளியிலும் ஒன்றுகூடல் நடந்தது. இந்தப் படம் வந்த பிறகு ஊர் ஊராக நடந்ததே, அந்த அலையில்தான். ஆண்கள் தனியாக வந்தார்கள். பெண்களில் பாதிப் பேர் கணவரோடு வந்தோம், மீதிப் பேர் வரவே இல்லை. எங்கள் வகுப்பில் நன்றாகப் பாடும் பெண் ஒருத்தி இருந்தாள். இறைவணக்கம் அவள் குரலில்தான் நடக்கும். அன்றைக்கு எல்லோரும் பாடு பாடு என்று கேட்டபோது அவள் எங்களைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை, எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். அந்த நேரத்தில் மட்டும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் "தொண்டை சரியில்லை" என்று சொல்லிவிட்டாள். பாடச் சொன்ன ஆண்கள் உடனே பிரியாணி எப்போது வரும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ராமும் இல்லை, ஜானுவும் இல்லை, பழைய காதல் எதுவும் இல்லை. இருந்தது பள்ளியில் பாடிய ஒரு பெண். அவளுக்கே அனுமதி வேண்டியிருந்தது.

சரி, விமர்சனமே கூடாதா என்பீர்கள். நீளம், மெதுவாகப் போகிறது என்பது ஒரு விமர்சனமா? அவசரமாக இருந்தால் வேறு படத்துக்குப் போங்கள். மாணவி பிரபாவின் ஒருதலைக் காதலைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்கிறார்கள், இருக்கட்டும். ஜானுவுக்குத் தெரியாமல் அவளைப் பற்றிய எல்லாவற்றையும் ராம் தெரிந்துவைத்திருப்பது பின்தொடர்வதுதானே என்று ஒரு தங்கை கேட்டாள். இது நியாயமான கேள்வி. படம் அதைக் கொஞ்சம் செல்லமாகவே கடந்து போகிறது, எனக்கும் அங்கே நெருடுகிறது. ஆனால் தங்கையே, ஒன்று யோசித்துப் பார். அவன் எதிரில் வந்து நிற்கவில்லை என்பதுதான் ஜானுவின் புகாரே. அவளை நொறுக்கியது அவன் வந்தது இல்லை, வந்தும் சொல்லாமல் போனது. அவன் இன்னும் யாரையும் தொடாதவன் என்பதை ஒரு பதக்கம் போல மாட்டிவிட்டார்களே என்றால், ஆமாம், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் படத்தைக் கன்னடத்தில் '99' என்று எடுத்தபோதும், தெலுங்கில் 'ஜானு' என்று இதே பிரேம்குமார் எடுத்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், இன்னும் நூறு வருடம் பேசுங்கள். ஞாயிறன்று இதில் ஒன்றையாவது யாராவது கேட்டீர்களா? இல்லை. கேட்டது புருஷனை.

நான் எழுந்து இதில் கால்வாசியைச் சொல்வதற்குள் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். வெளியே தேநீர் குடிக்கும் இடத்தில், எனக்கு வேண்டியவர் என்று நான் நினைத்திருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னக்கா, இவ்வளவு சூடாகிறீர்கள்? உங்களுக்கும் ஒரு ராம் இருக்கிறாரா?" சுற்றி இருந்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றார், அவர் சிரிக்கவில்லை, கப்பைக் கீழே வைத்துவிட்டு "போகலாமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை.

இல்லை தம்பி, இல்லை. அப்படி யாரும் இல்லை. இதை இங்கே எழுத வேண்டியிருப்பதே அவமானமாக இருக்கிறது. இருந்திருந்தால்தான் என்ன, அதை உன்னிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டுமா? 'தேவர் மகன்' பார்த்துவிட்டு நீ உணர்ச்சிவசப்பட்டபோது உனக்கு எத்தனை ஏக்கர் என்று நான் கேட்டேனா? ஒரு பெண்ணுக்கு ஒரு படம் பிடித்திருந்தால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? பிடித்த காட்சியைக்கூட இனிமேல் முகத்தில் காட்டாமல் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டுமா நாங்கள்?

கருத்துப் பகுதியைத் திறந்தே வைக்கிறேன். படத்தைப் பற்றிப் பேசுங்கள், என்னைப் பற்றிப் பேசினால் அழித்துவிடுவேன். அடுத்த மாதம் 'அழகி' போடலாம் என்று குழுவில் பேச்சு நடக்கிறது. போடுங்கள். முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன், படம் முடிந்ததும் மைக்கை எனக்குக் கொடுங்கள்.