பத்து நாளில் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன் தோல்வியா?

செவிப்பறை ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகியும் காது மந்தமாக இருந்தால் ஆபரேஷன் தோல்வி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. காதுக்கு மேலிருந்து எடுத்து ஒட்டிய மெல்லிய சவ்வு நகராமல் இருக்க, ஜெல்ஃபோம் என்ற கரையும் பஞ்சை உள்ளே அடைப்பது வழக்கம், அது கரையவோ டாக்டர் உறிஞ்சி எடுக்கவோ சில வாரம் ஆகும், அதுவரை எப்படிக் கேட்கும்? என் அம்மா முதல் மாதம் முழுக்க அந்தப் பக்கம் போனையே வைக்கவில்லை.

சந்தேகம் இருந்தால் டிஸ்சார்ஜ் தாளில் ஜெல்ஃபோம் என்று இருக்கிறதா பாருங்கள், அப்புறம் அடுத்த ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை) எப்போது என்று டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் 2, 3 மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள். பழைய ரிப்போர்ட்டோடு அதை ஒப்பிட்டால்தான் பலன் தெரியும். சீழ், கடும் தலைசுற்றல், முகக் கோணல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போங்கள்.