திருப்பி அனுப்பப்பட்டவர் எல்லாம் தப்பு செய்தவர் இல்லை

சவுதியிலிருந்து ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றால் ஊரில் முதலில் எழும் கேள்வி, "அங்க என்ன பண்ணித் தொலைச்சான்?" அதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. திருட்டு, போதைப்பொருள் என்று மாட்டுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தர்ஹீல் (நாடு கடத்தும் முன் அடைத்து வைக்கும் மையம்) வழியாக வந்தவர்களில் எனக்குத் தெரிந்த பலர் மேல் இருந்த ஒரே குற்றம், இகாமா என்ற தங்கும் அனுமதி அட்டை காலாவதியானது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் தொழிலாளி இல்லை, கபீல், அதாவது அவரை வேலைக்கு எடுத்த முதலாளி.

சவுதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகம் வேலை பார்க்கும் கம்பெனி ஒவ்வொரு வெளிநாட்டு ஆளுக்கும் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை 2018இல் மாதம் 400 ரியால். 2020இல் அது 800 ஆனது. கம்பெனி நொடித்தாலோ, முதலாளிக்குக் கட்ட மனசில்லை என்றாலோ இகாமா அப்படியே கிடக்கும். ரோட்டில் சோதனையில் மாட்டுவது மட்டும் நம் ஆள். இதைவிடக் கொடுமை ஹுரூப். சம்பள பாக்கி கேட்டவரை "ஓடிப்போய்விட்டான்" என்று கபீல் ஆன்லைனில் பதிந்துவிட்டால், வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கூட ஓடிப்போனவர் ஆகிவிடலாம்.

எங்கள் தெருவில் ஒரு ஏசி மெக்கானிக் அப்படித்தான் வந்தார். பாஸ்போர்ட் கபீலிடம், சம்பளம் பல மாத பாக்கி. பாஸ்போர்ட்டுக்குப் பதில் தூதரகம் கொடுத்த அவுட்பாஸ் என்ற தற்காலிகப் பயணச் சீட்டில் வந்து இறங்கியபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஒரு கைலி, போன் சார்ஜர், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. ரூமுக்குப் போய் டூல்ஸ் பெட்டியை எடுக்க விடவில்லை. கேஜ் செட் எல்லாம் சொந்தக் காசில் வாங்கியது. சம்பளத்தைவிட அந்தப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார், அது இருந்திருந்தால் மறுநாளே இங்கே வேலைக்கு இறங்கியிருக்கலாம் என்று.

தர்ஹீலில் கைரேகை வைத்து வந்தவர் மறுபடி அங்கே வேலைக்குப் போக முடியாது. ஹஜ், உம்ராவுக்கு மட்டும் போகலாம். 2017 பொதுமன்னிப்பில் தாங்களாகவே வெளியேறியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தகவல் தெரியாமல் அதைத் தவறவிட்டவர்கள் எத்தனை பேர்! ஏஜெண்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைத்தவருக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. பாக்கிச் சம்பளமோ, ஆள் விமானம் ஏறியதும் கேட்க நாதியில்லாமல் போகிறது. கொரோனா காலத்தில் திரும்பிய பலருக்கும் சம்பள பாக்கியில் இதே கதிதான்.

அவுட்பாஸுக்குப் பெயர், ஊர் எல்லாம் எழுதி வாங்கும் தூதரகம், அந்த மேஜையிலேயே சம்பள பாக்கி எவ்வளவு என்று கேட்டுப் பதிந்து, வழக்கு நடத்தப் பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இது பெரிய செலவில்லை. இங்கே அயலகத் தமிழர் நலத்துறை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

உங்கள் தம்பியோ மச்சானோ அங்கே இருந்தால், மாதம் ஒருமுறை அப்ஷர் என்ற சவுதி அரசு ஆப்பில் இகாமா தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம், சம்பள ரசீது, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இன்றே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.