கலிபியேயில் நடந்ததை விட்டுவிட்டீர்களே

2022 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் கிரானோன் மலையில் போகச்சார் நொறுங்கியதை, 'அன்று அவருக்குக் கால் ஓடவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு இது ஒப்பவில்லை. கால் தளர்ந்த கதை அதற்கு முந்தைய மலையிலேயே தொடங்கிவிட்டது. கலிபியே என்ற அந்த மலையில் ரோக்லிச் பாய்வார், போகச்சார் துரத்திப் பிடிப்பார். மூச்சு வாங்குவதற்குள் விங்கெகோர் பாய்வார். இருவரும் யம்போ-விஸ்மா அணி. மஞ்சள் சட்டைக்காரர், அதாவது பந்தயத்தில் முன்னிலையில் இருந்த போகச்சார், ஒவ்வொரு முறையும் தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரோக்லிச் ஏற்கெனவே கீழே விழுந்து நேரம் இழந்தவர், ஆகவே அவரைச் செலவழிக்க அணிக்குத் தயக்கமே இல்லை. கடைசியில் கிரானோனில் விங்கெகோர் தனியே போனபோது போகச்சாரால் எழ முடியவில்லை. ஒரே நாளில் 2 நிமிடம் 51 விநாடி போச்சு, மஞ்சள் சட்டையும் போச்சு.

மலை ஏற்றத்தில் காற்றுக்குத் தப்ப அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிவதில் பயனில்லை என்று கட்டுரையாளர் சொல்வதும் பாதிதான் சரி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் சைக்கிளில் ஏறும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். நாங்கள் போகும் வேகத்துக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை, எதிரே இறங்கும் பஸ்தான் கவலை! ஆனால் டூர் வீரர்கள் பல ஏற்றங்களில் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டுகிறார்கள். வேகம் கூடக் கூட காற்றுத் தடை அதைவிட வேகமாகக் கூடும், ஆகவே அவர்களுக்கு ஒளிவதில் பயன் உண்டு.

அப்புறம், அன்று தொடக்கத்திலேயே கூட்டத்தைவிட்டு முன்னால் பாய்ந்த, அதே யம்போ-விஸ்மா அணியின் வான் ஆர்ட்டைப் பற்றி ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை?