பசுமை வீட்டில் ஒரு கூவம்

வாங்கும்போது 'பசுமைக் குடியிருப்பு'ன்னுதான் சொன்னாங்க. பச்சைக்கு இப்படி ஒரு வாசனை உண்டுன்னு யாரும் சொல்லல.

எங்க ஃபிளஷ் டேங்குக்கு வர்றது சுத்திகரிச்ச கழிவுநீர். நல்ல விஷயம்தான், மறுக்கல. சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல கோடைக்குக் கோடை லாரித் தண்ணிக்கு அழுதவன் நான். ஆனா சுத்திகரிப்பு நிலையத்துல காத்து ஊதுற மெஷின் ஒரு நாள் நின்னா போதும். காத்து இல்லாம நல்ல பாக்டீரியா சாக ஆரம்பிச்சிடும். மறுநாள் பாத்ரூம் கதவைத் திறந்தா கூவம் கரை! தண்ணி வேற இளமஞ்சளா வருது. போன வாரம் வந்த பெரியம்மா மூணு தடவை ஃபிளஷ் பண்ணிட்டு, "போகவே மாட்டேங்குதுப்பா"ன்னு கூச்சத்தோட வெளியே வந்தாங்க. அவங்க தப்பு இல்லைன்னு புரியவைக்கிறதுக்குள்ள காபி ஆறிப்போச்சு.

மாடிப்படி விளக்கு இன்னொரு கூத்து. ஆள் அசைஞ்சாத்தான் எரியுமாம். ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா அணைஞ்சிடுது, இருட்டுல கையை ஆட்டி பரதநாட்டியம் ஆடணும்.

2003லயே தமிழ்நாட்டுல கட்டாயமான மழைநீர் சேகரிப்பு இங்கேயும் இருக்கு. அந்தக் குழி மேலதான் ஒருத்தர் தினமும் காரை நிறுத்துறார். சங்கத்துல கேட்டா, "அடுத்த மீட்டிங்ல பேசலாம் சார்!"