அவன் எஞ்சினைத் தானே திறந்தான்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் கிராஞ்சியில் நம் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு யார், என்ன என்று தெரியும். பெயர் போடப் போவதில்லை. ஆனால் தன் பழைய வண்டியைத் தானே பிரித்துச் சரிசெய்து கொண்டுவந்த அந்தத் தம்பி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனது என் மனதை விட்டு அகலவில்லை.

அவன் ஆர்எக்ஸ்இசட்டை, யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை, உதைத்து ஸ்டார்ட் செய்தான். புகை வந்தது. நிறையவே வந்தது. உடனே ஒருவர், "கொசு மருந்து அடிக்க வந்துட்டான்டா" என்றார். இன்னொருவர், "அப்பவே அரசாங்கம் குடுத்த 3,500 வெள்ளியை வாங்கிக்கிட்டு வண்டியை ஒப்படைச்சிருக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் இவ்வளவு புகை என்று ஒருவர்கூட அவனிடம் கேட்கவில்லை.

நான் பிறகு கேட்டேன். "பழைய ஆயில் பம்ப் அங்கிள். சரியாகத் தள்ளுகிறதா என்று இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதனால் டாங்கிலும் 1 லிட்டருக்கு 40 மில்லி 2டி எண்ணெய் கலந்திருக்கிறேன். பம்ப்பையும் கழற்றவில்லை. முதல் 500 கிலோமீட்டர் இப்படியே ஓட்டுவேன்" என்றான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்துதான் போக வேண்டும். பம்ப் நின்றுபோனால் பிஸ்டன் சில நிமிடங்களில் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். புது ரிங் போட்ட எஞ்சினை அப்படி இழக்கக் கூடாது என்று அவன் வேண்டுமென்றே இரண்டு வழியிலும் எண்ணெய் கொடுத்திருக்கிறான். நீங்கள் பார்த்துச் சிரித்த புகை அவனுடைய கவனம். அந்த எஞ்சினை அவன் தானே திறந்தான். இதைத்தான் சொல்ல வந்தேன், திரும்பத் திரும்பச் சொல்வேன்.

எங்கே திறந்தான் தெரியுமா? ஈசூனில் மூவறை வீடு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அதனால் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறைத் தரையில், தமிழ் முரசை விரித்து, கேஸை இரண்டாகப் பிரித்திருக்கிறான். புது பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில், அம்மாவின் மீன் பொட்டலங்களுக்குப் பக்கத்தில், ஓர் இரவு வைத்திருக்கிறான். மறுநாள் அலுமினியக் கேஸைச் சூடாக்கி, குளிர்ந்து சுருங்கிய பேரிங்கை அதன் குழியில் வைத்ததும் 'ணங்' என்று தானாக இறங்கி உட்கார்ந்ததாம். சுத்தியல் தொடவே இல்லை. அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வண்டியிலேயே இதைச் செய்தவனைத்தான் நாம் சிரித்து அனுப்பினோம்.

என் முதல் வண்டியில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. பட்டறையில் கொடுத்தேன். புது பெயிண்ட், பளபளவென்று குரோம், பில்லில் 'எஞ்சின் ஓவர்ஹால்' என்று ஒரு வரி. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது வாரம் மலேசியாவில், ஜோகூரின் கூலாய்க்கு முன்னால், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், திராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் அப்படியே நின்றது. வண்டிக்கு நல்ல வலு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நிமிடம் பின்சக்கரம் இறுகியது. கிளட்ச்சைப் பிடித்தேன், அதனால் இன்று இதை எழுதுகிறேன். பின்னால் லாரி இருந்தது.

கூலாயில் ஒரு சீன அங்கிள் எஞ்சினைப் பிரித்தார். பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேக்னட் பக்கத்து கிராங்க் சீலை, தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தை, நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "கெராஸ்" என்றார், மலாயில் 'இறுகிவிட்டது' என்று. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் மாதிரியே இல்லை, காய்ந்த பிளாஸ்டிக் போல இருந்தது, உதட்டில் முடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போய், பெட்ரோல் கலவை நீர்த்து, சூடேறி, பிஸ்டன் பிடித்திருக்கிறது. கீழ்ப்பாகத்தை யாரும் திறக்கவே இல்லை. சில வெள்ளி விலையுள்ள ஒரு சீல். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்துப் புகையாகக் கக்கியாவது எச்சரித்திருக்கும். மேக்னட் பக்கம் புகையாமல் கொல்லும். புகை வராத வண்டி நல்ல வண்டி என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "முதல் முயற்சிக்கு ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்திருக்கலாமே?" ஏன்? இந்த டூ ஸ்ட்ரோக்கின் ஹெட்டில் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. நான்கு நட்டைக் கழற்றினால் ஹெட் கையில் வந்துவிடும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியாது.

"சுற்றுச்சூழல்?" ஒப்புக்கொள்கிறேன். எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகைபோக்கி வழியாகப் போகத்தான் செய்கிறது, அந்த எஞ்சினின் அமைப்பே அப்படி. அதனால்தான் சட்டம் வந்திருக்கிறது, நான் சட்டத்தை எதிர்க்கவில்லை. ஆனால் மாதம் இரண்டு ஞாயிறு ஓடும் வண்டியைப் பற்றி, அங்கே தனியாளாக மூன்று டன் காரில் வந்து இறங்கியவர் பாடம் எடுக்க வேண்டாம்.

"2028 ஜூன் 30க்குப் பிறகு ஓட்ட முடியாதே, எதற்கு வீண் செலவு?" 2003 ஜூலை 1க்கு முன் பதிவான வண்டிகளுக்கு அதுதான் கெடு என்று அவனுக்கும் தெரியும். பழம்பெரும் வண்டிகளைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள விடும் கிளாசிக் திட்டத்துக்கு வண்டிக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், இதற்கு ஆகவில்லை. அந்த 3,500 வெள்ளியும் 2023 ஏப்ரலோடு முடிந்தது, அப்போது வண்டி அவனிடம் இல்லவே இல்லை. கெடு தெரிந்தும் செய்கிறான். 2022இல் மோட்டார் சைக்கிள் சிஓஇ (வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ்) 12,000 வெள்ளியைத் தாண்டியபோது நம்மில் எத்தனை பேர் கணக்குப் பார்த்து வண்டியை விட்டோம்? எல்லாவற்றையும் கணக்காகப் பார்க்க முடியாது என்று அன்று பேசியவர்கள்தானே நாம்?

என்னை உண்மையில் சுட்டது வேறொன்று. அவன் போன பிறகு ஒரு மூத்தவர் சொன்னார்: "படிச்ச பையன் மாதிரி தெரியல, இதுக்குத்தான் லாயக்கு." இதே வார்த்தையை எனக்குப் பதினாறு வயதில் சொந்த மாமா என் அம்மாவிடம் சொன்னார். அன்றைக்கு என் கையில் கிரீஸ் இருந்தது. முப்பது வருடமாக இந்தக் கையை வைத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நம் ஆட்களுக்கு ஏன் கையால் வேலை செய்கிற பிள்ளையைப் பார்த்தால் இப்படித் தோன்றுகிறது? வார இறுதி முழுக்கத் தூங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டோம். தானாக ஒரு எஞ்சினைத் திறந்து, அளந்து, மூடி, ஓட வைத்தால் சிரிப்போம். அவன் எஞ்சினைத் தானே திறந்தான் ஐயா. அங்கே நின்ற பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் தன் வண்டியின் கிராங்க் சீலைக் கண்ணால் பார்த்திருப்போம்?

என் மேல் கோபப்படுபவர்கள் கோபப்படலாம். நானும் அன்று உடனே வாய் திறக்கவில்லை. வண்டி திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் பேசினேன், அது எனக்கு வலிக்கிறது.

சனிக்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போகிறேன். பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று இருவரும் சேர்ந்து அளக்கப் போகிறோம். பம்ப்புக்கு அடியில் போடும் கேஸ்கட் ஜாலான் புசாரில் தேடிவிட்டான், கிடைக்கவில்லை. யாரிடமாவது ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.