கடலோரத்து வீட்டுக்கு உள்சுவர்: தம்பிக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்

சித்தி மகன் கடலூரில் வீடு கட்டுகிறான். தேவனாம்பட்டினம் போகிற வழியில் மனை. தளம் போட்டாயிற்று, உள்பூச்சு தொடங்க வேண்டும். போன வாரம் வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பி, "அக்கா, இதுல எது நல்லாயிருக்கும்?" என்று கேட்டான். கண்ணாடி போல வழவழப்பான ஜிப்சம் பூச்சு ஒன்று. பூப்போட்ட வால்பேப்பர் ஒன்று. மார்பிள் மாதிரியே இருக்கும் பிவிசி பேனல் ஒன்று. மூன்றும் அழகுதான். ஆனால் மூன்றுமே ஏதோ ஒரு ஷோரூமில், ஏசி ஓடும் அறையில், மழையே பார்க்காத சுவரில் எடுத்த படங்கள்.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. நம் கரையோரத்தில் இப்போது வீடு கட்டும் எல்லோருக்கும் இது பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

நாங்கள் 2016-ல் வீடு கட்டி முடித்தோம். ஒப்பந்தக்காரர் சொன்னபடி படுக்கையறைகளுக்கு ஜிப்சம் பூச்சு. தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம், பட்டி பார்க்க வேண்டாம், பத்து நாள் வேலை மூன்று நாளில் முடியும் என்றார். அப்படியே முடிந்தது. தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் ஆசைப்பட்டு வினைல் வால்பேப்பர் ஒட்டினோம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் ஒரு குறையும் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள்.

2017 நவம்பரில் மழை வந்தது. முதலில் வாசனைதான் வந்தது, நனைந்த கோணிப்பை மாதிரி. சுவரின் கீழ்ப்பகுதி, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு, கை வைத்தால் அமுங்கியது. நகத்தால் கீறினால் ஈர மாவு போலப் பெயர்ந்து வந்தது. வால்பேப்பரின் ஓரம் தூக்கியிருந்த இடத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. நடுவில் பச்சை, ஓரத்தில் சாம்பல். அதன் மேல்தான் ஓர் ஆண்டாகத் தலை வைத்துத் தூங்கியிருக்கிறோம். என் மகளுக்கு அந்தக் காலத்தில் விடாத இருமல். சுவரால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே படுக்க வைத்த பிறகு அவள் இரவில் எழுந்து உட்காரவில்லை.

குழாய் ஒழுகுகிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்த்தோம். ஒழுகவில்லை. கடைசியில் அம்மா வீட்டுக்கு எப்போதும் வேலை பார்க்கும் வயதான கொத்தனாரைக் கூப்பிட்டேன். சிறு வயதிலிருந்து என்னைத் தெரியும் அவருக்கு. சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பெயர்ந்த பூச்சைக் கொஞ்சம் எடுத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். "பாப்பா, இது தண்ணி குடிச்ச சுவரு இல்ல, உப்பு குடிச்ச சுவரு. கட்டறப்ப எந்தத் தண்ணிய ஊத்தினாங்க?" என்றார்.

போர் தண்ணீர்தான். கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் மனையில் எடுத்த போர். குடிக்க ஆகாது என்று எங்களுக்கே தெரிந்த தண்ணீரைச் சுவருக்கு ஊட்டியிருக்கிறோம்.

இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, யாராவது அதில் தண்ணீர் ஊற்றினோமா? காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்று பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கிறது. சுவருக்குள் உப்பு இருந்தால் ஒழுகும் குழாய் தேவையே இல்லை. மழைக்காலத்தில் சுவர் தானாக வேர்க்கும். மாசி, பங்குனியில் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூக்கும். பூக்கும்போது அந்த உப்புப் படிகம் பெருத்துப் பூச்சை உள்ளிருந்து தள்ளும். அடுத்த மழையில் மறுபடி. இதற்கு மேல் எந்த விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அந்தப் பணம் வீண்.

அதனால் தம்பிக்கு நான் சொன்ன முதல் விஷயம் எந்தப் பொருள் என்பது அல்ல. எந்தத் தண்ணீர், எந்த மணல் என்பது. கட்டுவேலைக்கும் பூச்சுக்கும் நல்ல தண்ணீர் லாரியில் வந்தாலும் சரி, அதைத்தான் ஊற்ற வேண்டும். பேஸ்மட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் போடாமல் செங்கல் ஏற்றவே கூடாது. அவன் போட்டிருக்கிறான், நல்ல வேளை. போடாதவர்கள்தான் பிறகு சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டி மறைக்கிறார்கள். ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் ஏறி ஐந்தாவது அடியில் வெளியே வரும். அதை எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் காட்டுவேன்.

அப்புறம்தான் பொருள். இதில் என் கருத்து உறுதியானது: கடலோரத்தில் எந்தச் சுவரும் நனையாமல் இருக்காது. ஓதமாகவோ, சாரலாகவோ, காற்றின் ஈரமாகவோ தண்ணீர் எப்படியும் வரும். வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி விடுகிற பொருள் எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

என் அம்மா வீடு கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் இருக்கிறது. தாத்தா காலத்துச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரைப் பூச்சு. 2015 நவம்பர் வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது. வடிந்த பிறகு சுவர் இடுப்புயரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. அம்மா எதையும் செய்யவில்லை. கதவு, சன்னல்களைத் திறந்து போட்டார், அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். பங்குனி வாக்கில் சுவர் காய்ந்துவிட்டது. ஓரிரு இடத்தில் காரை உதிர்ந்தது, அவ்வளவுதான். சுண்ணாம்பு அடித்துவிட்டுக் குடியிருந்தார்கள். அதே தண்ணீர் என் ஜிப்சம் சுவரில் நின்றிருந்தால் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான்.

காரணம் இருக்கிறது. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சமாகக் கரையும் பொருள், லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் கூடுதலாக. நாள்கணக்கில் ஈரம் பட்டால் பலம் போய்விடும். ஜிப்சம் போர்டு என்றால் இன்னும் மோசம், அதன் மேலுள்ள காகித உறை பூஞ்சைக்கு நல்ல தீனி. சுண்ணாம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் நுண்துளை வழியே ஈரம் வெளியேறும். புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிழைக்காது. அந்தக் காரம் காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து குறைந்துவிடும். அதனால்தான் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதைச் சடங்காக மட்டும் பார்த்துவிட்டோம். மார்கழியோடு மழை ஓய்ந்து, வெயில் ஏறத் தொடங்கி, சுவர் காய ஆரம்பிக்கும் நேரம் அது. நம் கரைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்த்து அரைத்த காரை, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று செய்த வேலையை இன்றும் தடவிப் பார்க்கலாம், பளிங்கு மாதிரி இருக்கும். அந்தக் கைவேலைக்கு இப்போது ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் கூலியும் அதிகம். அதை எல்லோரும் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். நடுவழி ஒன்று உண்டு. ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். மூட்டையில் விற்கும் சுண்ணாம்புத் தூளே போதும். வெறும் சிமென்ட் பூச்சைவிட இது குறைவாக வெடிக்கும், ஈரத்தை அடைத்து வைக்காது. என் வீட்டில் ஜிப்சத்தைச் சுரண்டி எடுத்த பிறகு அந்தக் கொத்தனார் இதைத்தான் பூசினார். இப்போது அந்த அறையில் கோணி வாசனை இல்லை.

இனிமேல் சுவர் எழுப்பப் போகிறவர்களுக்காகக் கல்லைப் பற்றியும் சொல்கிறேன். நல்ல செங்கல் கிடைத்தால் செங்கல்தான் என் தேர்வு. இரண்டைத் தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும். ஒரு கல்லைக் காய்ந்த நிலையில் எடை போட்டு, ஒரு நாள் தண்ணீரில் போட்டு, மறுபடி எடை போடுங்கள். மூன்று கிலோ கல் அறுநூறு கிராமுக்கு மேல் குடித்தால் திருப்பி அனுப்புங்கள். இந்திய அளவுகோலும் சாதாரணக் கல்லுக்கு 20 சதவீதம்தான் அனுமதிக்கிறது. ஏஏசி பிளாக்கை, அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்லை, நான் குறை சொல்ல மாட்டேன். அதே கன அளவுக்கு எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான், அறையும் அவ்வளவு சூடேறாது. ஆனால் அது பஞ்சு மாதிரி உறிஞ்சும். மழைக்காலத்தில் மூடாமல் மனையில் அடுக்கி வைத்து, நனைந்ததையே கட்டி, காயும் முன் பூசினால் அந்த ஈரத்தை மாதக்கணக்கில் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஆரோவில்லில் ஐந்து சதவீதம் சிமென்ட் சேர்த்து அழுத்திய மண் கல்லில் கட்டிய வீடுகள் கடற்காற்றைத் தாங்கி நிற்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது ஏசி. இதை யாரும் எச்சரிப்பதில்லை. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் துளிர்க்கும். நாம் ஏசியை 23-ல் வைக்கிறோம். படுக்கையறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர். அந்தச் சுவர் குளிர, மறுபக்கம் ஏசி இல்லாத அறையில் அதை ஒட்டிப் பீரோ நிற்கிறது. அங்கே காற்றும் நகராது. துளி விழ வேண்டியதில்லை, சுவரை ஒட்டிய காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூஞ்சைக்குப் போதும். பட்டுப்புடவையில் வரும் புள்ளிக்கு நாம் நாப்தலின் உருண்டையைத் தேடுகிறோம். பீரோவை நான்கு விரல் தள்ளிப் போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

இதே காரணத்தால்தான் வினைல் வால்பேப்பரும் சுவரோடு ஒட்டிய பிவிசி பேனலும் வேண்டாம் என்கிறேன். வெளியிலிருந்து சுவர் வழியே உள்ளே வரும் ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் பின்னால் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் புளோரிடாவும் நம் ஊர் போலப் புழுங்கும் இடம்தான். அங்கே ஏசி ஓட்டல் அறைகளில் வினைல் சுவர்த்தாளுக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்தது கட்டடக்காரர்களுக்குப் பாடமாகவே ஆகிவிட்டது. நாம் காசு கொடுத்து அதைத் திரும்பப் படிக்கத் தேவையில்லை.

கப்போர்டுக்கு மரத்தூள் பலகை வேண்டாம், ஊறி உப்பிவிடும். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்கு என்று மட்டும் சொன்னேன்.

பெயின்டுக்கு அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு, ஈரச் சுவரில் பட்டி பார்த்து, அதன் மேல் பளபளப்பான எமல்ஷன் அடிக்கிற வழக்கம் நம்மிடம் அதிகம். ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பாலிதீன் ஷீட்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் காலை உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவர் இன்னும் காயவில்லை. நாள் தள்ளிப் போடுங்கள், அல்லது இப்போதைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பால் காய்ச்சுங்கள். எமல்ஷனை அடுத்த கோடையில் அடித்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், குழந்தைகள் சாய்ந்தால் முதுகு வெள்ளையாகும். ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒட்டுகிறது, தட்டிவிட்டுக்கொள்கிறோம்.

தம்பி கடைசியில், "அக்கா, ஜிப்சம் வேண்டவே வேண்டாமா?" என்று கேட்டான். அவனுக்கு அந்த வழவழப்பின் மேல் ஆசை, புரிகிறது. மாடி அறையில், வெளிச்சுவராக இல்லாத, குளியலறையை ஒட்டாத சுவர் ஒன்று இருந்தால் அதில் போட்டுக்கொள் என்றேன். கீழ்த்தளத்தில் ஓரடி கூட வேண்டாம். இப்போதைக்குப் பூச்சைத் தொடங்காமல், அவன் மனைப் போரிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, கட்டடத்துக்கு ஆகுமா என்று சோதனைக்கூடத்தில் பார்க்கக் கொடுத்திருக்கிறான். முடிவு வரும் வரை கொத்தனாரை வாசல் திண்ணை வேலையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.